தூணைச் சுற்றி இரண்டு விரல் இடைவெளி

நம் கேங்கில் புதிதாகச் சேர்ந்த உங்களுக்கு, போசரியிலும் சிஞ்ச்வடிலும் நாங்கள் இறக்கி வைத்த மெஷின்களைப் பற்றி பாண்டுரங் நிறையச் சொல்லியிருப்பான். பன்னிரண்டு டன் லேத்தை ஒரு செங்கல்லைக்கூடப் பெயர்க்காமல் உள்ளே கொண்டுபோனது, பிரஸ் மெஷினை மழைச் சேற்றில் இரும்புக் குழாய்களை உருட்டி நகர்த்தியது, எல்லாம் உண்மைதான். அரூரில் மூன்றாம் வகுப்போடு நின்றுவிட்டு, கல்யாணமாகிப் புனே வந்து, கேங்குக்குச் சோறு பொங்கிப் போட ஆரம்பித்தவள் நான். பிறகு கயிறு பிடித்தேன். பிறகு கிரேனுக்குக் கை காட்டினேன். என் வீட்டுக்காரர் போன பிறகு கேங்கையே நடத்தினேன். ராசாத்தியக்கா கையைப் பார்க்காமல் எந்த கிரேன்காரனும் கொக்கியை இறக்க மாட்டான். இதைப் பெருமைக்குத்தான் சொல்கிறேன். பெருமைப்பட எனக்கு உரிமை இருக்கிறது.

ஆனால் உங்களுக்கு நான் எழுத நினைத்தது ஒரு சின்னப் பொருளைப் பற்றி. நம் வேலையில் அதை ஒரு சுமை என்றே யாரும் சொல்ல மாட்டார்கள். நான் வேலையை விடுவதற்கு முந்தின கோடையில் அது வந்தது. கோர்படியிலிருந்து ஒரு அம்மா போன் செய்தார். தமிழ்க் குரல், திருநெல்வேலிப் பக்கத்துப் பேச்சு.

"மெஷின் எறக்கி வைக்கிற ராசாத்திங்களா?"

"ஆமாங்க. எத்தனை டன்னுங்க?"

"டன்னா? கிலோதாம்மா. எல்லாஞ் சேர்த்து ஒரு இருநூறு இருக்கும்."

"அதுக்கு நாலு ஆளு போதுமே. எங்கள எதுக்குக் கூப்புடறீங்க?"

"நாலு ஆளு தூக்கிருவாங்க. வைக்கத் தெரியணும்லா."

அந்த ஒரு சொல்லுக்காகவே வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

அவர் பெயர் ஸ்டெல்லா. கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர், வயது எழுபத்தொன்று. தனி ஆள். கோந்த்வாவைத் தாண்டி போப்தேவ் காட் மலைப்பாதையில் ஏறினால் மேலே ஒரு மேட்டில் அவருக்குக் கொஞ்சம் நிலம் இருந்தது. அதில் சின்னதாக ஒரு வீடு, அதன் பக்கத்தில் வட்டமாக ஒரு அறை. நாங்கள் முதன்முதலில் போன புதன்கிழமை அந்த அறைக்குக் கூரை இல்லை. கூரை பைபரில் செய்த அரை உருண்டையாக வெளியே புல்லில் கிடந்தது.

"அக்கா, இட்லிக் குண்டான் மூடி மாதிரி இருக்குது பாரு," என்றான் பாண்டுரங். இருபது வருஷம் எங்களோடு இருந்ததில் அவன் தமிழ் எங்கள் தருமபுரித் தமிழாகவே ஆகிவிட்டது. கோபம் வந்தால் மட்டும் மராத்தி.

அறைக்கு நடுவில் ஒரு கான்கிரீட் தூண் நின்றது. என் இடுப்புக்கு மேலே கொஞ்ச உயரம். அதன் தலையில்தான் டெலஸ்கோப்பை வைக்க வேண்டும். டீச்சர் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். கல்யாணப் பெண்ணுக்கு மணவறை ஜோடிக்கிறவர்கள்கூட அப்படிப் பார்க்க மாட்டார்கள்.

"எப்ப வெச்சு முடிக்கணும் டீச்சர்?"

"நாளைக்கு வச்சிரணும். சனிக்கிழமை சாயங்காலம் எனக்கு ஒரு வேலை இருக்கு. நாலு செகண்டு வேலை."

நாங்கள் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. வாசல் பல்பைப் போட்டு, அதற்கும் என் கண்ணுக்கும் நடுவில் ஒரு கொண்டைக்கடலையை மெதுவாக நகர்த்திக் காட்டினார். பல்பு என்பது நட்சத்திரம். கடலை என்பது சூரியனைச் சுற்றிக்கொண்டிருக்கும் ஒரு பெரிய கல். சனிக்கிழமை எட்டு மணிக்கு அந்தக் கல் ஒரு மங்கலான நட்சத்திரத்துக்குக் குறுக்கே போகும். நாலு நொடி நட்சத்திரம் மறைந்துவிடும். நாசிக்கிலிருந்து கோவா வரைக்கும் ஏழெட்டுப் பேர் அங்கங்கே உட்கார்ந்து, எந்த நொடியில் மறைந்தது, எந்த நொடியில் திரும்பி வந்தது என்று பதிவு செய்யப்போகிறார்கள். எல்லாவற்றையும் வரிசையாக அடுக்கிப் பார்த்தால் அந்தக் கல்லின் வடிவம் தெரிந்துவிடும். கல்லின் நடுப்பகுதி போகிற பாதை இந்த மேட்டின் மேலே. அந்த நடுக்கோட்டில் டீச்சரைத் தவிர வேறு ஆள் இல்லை.

"மேகம் வந்துட்டா என்ன பண்ணுவீங்க?"

"அது கர்த்தர் பாத்துக்கிடுவார். மத்ததை நாம பாத்துக்கிடணும். இதே கல்லு இதே மாதிரி இந்த மேட்டுக்கு மேல மறுபடி வர்றதுக்குள்ள நான் இருக்க மாட்டேன்."

எனக்கு உடம்பு சிலிர்த்தது. நாற்பது வருஷம் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர், தன் கையால் ஒரு கணக்கை, உலகத்தில் யாருக்கும் விடை தெரியாத கணக்கைப் போடப் போகிறார். அதற்குக் கரும்பலகை வைத்துக் கொடுப்பது நாங்கள்.

இப்போது கேளுங்கள். நான் செய்த தவறு இங்கேதான்.

எனக்கு இந்த வேலையைச் சொல்லிக்கொடுத்தது ஒரு ஃபோர்மேன். நிக்டியிலிருந்து சைக்கிளில் வருவார். அவர் பெயரை நான் சொல்ல மாட்டேன், தன் பேரைச் சொல்வதே அவருக்குப் பிடிக்காது. மெஷினை வைத்த பிறகு அதன் காலடியில் படுத்து, டார்ச் அடித்துப் பார்ப்பார். எங்காவது வெளிச்சம் ஊடுருவினால் எங்களைப் பார்த்து ஒரு பார்வை. திட்ட மாட்டார், அந்தப் பார்வை போதும். சிமெண்டுக் கலவையைக் குழைத்து, கம்பியால் குத்திக் குத்தி, ஒரு நூல் போக இடமில்லாமல் அடைக்க வேண்டும். அடைத்த பிறகு மெஷின் மேல் ஒரு டம்ளர் தண்ணீரை வைத்து ஓடவிடுவார். தண்ணீரில் வளையம் வரக்கூடாது. நம் கேங்குக்கு இந்தப் பேர் வந்ததே அதனால்தான். ராசாத்தி கேங்கு வைத்த மெஷினுக்கு அடியில் எறும்பு போகாது என்பார்கள்.

அந்த வட்ட அறையில் தூண் தரையைத் துளைத்துக்கொண்டு மேலே வந்திருந்தது. தரைக்கும் தூணுக்கும் நடுவில் சுற்றிவர இரண்டு விரல் இடைவெளி. கீழே இருட்டாகத் தெரிந்தது.

"என்ன அக்கா, கொத்தனாரு பாதியில உட்டுட்டுப் போயிட்டானா?"

"அவனுக்கு அவ்வளவுதான் வேலை தெரியும்," என்றேன். "தேளு வரும், பூரான் வரும். நாளைக்கு டெலஸ்கோப்ப வெச்சிட்டு, கீழ ஓட்டையோட உட்டுட்டுப் போனா நம்ம பேரு என்னாவறது? அடைச்சிடு."

டெலஸ்கோப் விற்ற கம்பெனியிலிருந்து அமோல் என்ற மெக்கானிக் ஒரு படத்தை என் போனுக்கு அனுப்பியிருந்தான். அதில் தூண் இருந்தது, தரை இருந்தது, நடுவில் இரண்டு கோடுகள் இருந்தன. பக்கத்தில் இங்கிலீஷில் நாலு வரி எழுதி, அதைச் சுற்றி சிவப்பில் ஒரு கட்டம் போட்டிருந்தான். அன்று காலையில்கூடப் போன் செய்து, சித்தி என்று மராத்தியில் அழைத்து, இந்தியில் கேட்டான்: "மாவ்ஷி, படத்தப் பாத்தீங்கதானே? எல்லாம் புரிஞ்சுதா?"

"பாத்தேன், பாத்தேன். எத்தனை படம் பாத்திருக்கேன்," என்றேன்.

டீச்சர் பத்தடி தூரத்தில் நின்றுகொண்டிருந்தார். போனை நீட்டி, இது என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. முப்பது வருஷம் படத்தில் எண்களை மட்டும் பார்த்தே வேலையை முடித்தவள். எழுத்தைக் கேட்டு நின்றதில்லை. டீச்சர் வீட்டுக்குள் போயிருந்தபோது நாங்கள் சாக்குத் துணியைக் கீழே திணித்து, அதன் மேல் மணலும் சிமெண்டும் குழைத்துக் குத்தி, கரண்டியால் தேய்த்து வழவழவென்று ஆக்கினோம். டீச்சர் வந்து எட்டிப் பார்ப்பதற்குள் அதன் மேல் பிளாஸ்டிக் தாளும் விரித்தாயிற்று. அடைத்த விஷயத்தைச் சொல்லவும் இல்லை. செய்த நல்ல வேலையை வாய்விட்டுச் சொல்வது எங்கள் வழக்கம் இல்லை.

வியாழக்கிழமை வேலையைப் பற்றி நான் நீட்டப் போவதில்லை. கிரேன் வைப்பதும் பெல்ட் போடுவதும் உங்களுக்கே தெரியும். ஒன்றை மட்டும் சொல்கிறேன். டெலஸ்கோப்பைத் தாங்குகிற இரும்பு உடம்பு தனி, கண்ணாடி இருக்கிற குழாய் தனி. அந்த இரும்பு உடம்பு தூணின் தலையில் இருந்த நாலு போல்ட்டிலும் ஒரே நேரத்தில், ஒரு சத்தமும் இல்லாமல் உட்கார்ந்தது. கிரேன்காரன் எட்டிப் பார்த்து, "உட்காந்துடுச்சா?" என்று கேட்டான். அவனுக்கே தெரியவில்லை. பிறகு குழாயைக் கையாலேயே ஏற்றினோம். அதற்கு மேல் அந்த இட்லிக் குண்டான் மூடியைக் காற்று கொஞ்சம் அடங்குகிற நேரம் பார்த்து இறக்கினோம். நான் தூணின் தலையில் டம்ளர் தண்ணீர் வைத்துப் பார்த்தேன். ஒரு வளையம் இல்லை. டீச்சர் அன்று எங்களுக்கு மீன் குழம்பு ஊற்றினார்.

"நாளைக்குச் சாயங்காலமும் வாங்க ராசாத்தி. அமோல் நட்சத்திரம் பிடிச்சுக் காட்டுவாரு. வச்சவங்க பாக்காம எப்படி?"

வெள்ளிக்கிழமை நானும் பாண்டுரங்கும் குளித்து, நல்ல துணி உடுத்திப் போனோம். பொழுது சாய்ந்து, விளக்கு வைக்கிற நேரம். அமோல் அந்த மூடியில் இருந்த பிளவைத் திறந்தான். குழாய் வானத்தைப் பார்த்து மெதுவாகத் திரும்பியது. லேப்டாப் திரையில் கறுப்பு. கறுப்புக்கு நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளி.

"இதுதான் நட்சத்திரமா?"

"இதுதான் மாவ்ஷி. கிட்ட வந்து பாருங்க."

நான் எழுந்து நடந்தேன். புள்ளி துள்ளியது. நின்றேன். புள்ளி நின்றது. இன்னொரு அடி வைத்தேன், மறுபடி துள்ளியது. எனக்கு என்ன சந்தோஷம் தெரியுமா? நான் கால் வைத்தால் வானத்தில் நட்சத்திரம் ஆடுகிறது என்று நினைத்துக்கொண்டு, சின்னப் பிள்ளை மாதிரி இன்னும் இரண்டு அடி வைத்தேன்.

"பாண்டு, இங்க பாரு, என் காலுக்கு அது ஆடுது."

பாண்டுரங் சிரித்தான். அமோல் சிரிக்கவில்லை. டீச்சரின் முகம் வெளுத்துவிட்டது. அப்போது வெளியே காற்று ஒரு வீச்சு வீசி, சுவரில் மோதியது. நான் நின்ற இடத்தில்தான் நின்றேன். புள்ளி நீளமாக இழுபட்டு, மங்கி, காணாமல் போய், திரும்பி வந்தது.

"இதுதான் பிரச்சனை," என்றான் அமோல். "நாளைக்குப் பாக்கப்போற நட்சத்திரம் இதைவிட ரொம்ப மங்கல். காத்துல இழுபட்டுக் காணாமப் போனா, கல்லு மறைச்சு போச்சா, ஆடிப் போச்சான்னு யாராலயும் சொல்ல முடியாது. இந்தப் பதிவை யாரும் ஒத்துக்க மாட்டாங்க." கீழே குனிந்து தாளை விலக்கினான். தூணைச் சுற்றி வழவழவென்று இருந்த எங்கள் பூச்சைத் தொட்டான். "யார் இதை அடைச்சது? தூணு தரையைத் தொடவே கூடாதுன்னு படத்துல சிவப்புக் கட்டம் போட்டு எழுதினேனே. காத்துல சுவரு ஆடினா தரை ஆடும், தரை ஆடினா தூணும் ஆடும். அதுக்குத்தான் தூணுக்குத் தனி அஸ்திவாரம், அதுக்குத்தான் இடைவெளி."

டீச்சர் போனைக் கையில் எடுத்துவிட்டார். "அந்தக் கொத்தனார்தான். இன்னைக்குக் காலையில நான் இங்க இல்லாதப்ப வந்து அடைச்சிருப்பான். இருங்க, இன்னைக்கு அவனை நான் ஒரு வழி பண்ணுதேன்."

பாண்டுரங் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். அந்தக் கொத்தனார் அங்கே இல்லை. நான் செய்யவில்லை என்று அவன் சொன்னாலும் யாரும் நம்பப் போவதில்லை. நான் வாயைத் திறக்காமல் இருந்தால் ராசாத்தி கேங்கின் பேர் அப்படியே இருக்கும். இவ்வளவும் மனசில் ஓடியது. ஓடவில்லை என்று நான் பொய் சொல்ல மாட்டேன். டீச்சரின் போனில் மணி அடிக்கிற சத்தம் எனக்குக் கேட்டது.

"போனை வைங்க டீச்சர். அடைச்சது நாங்கதான்."

"நீங்களா? படத்தைப் பாத்தேன்னு சொன்னீங்களே?" என்றான் அமோல்.

"பாத்தேன். படிக்கலை. எனக்கு இங்கிலீஷ் வராது."

டீச்சர் போனை அணைத்தார். "நாப்பது வருஷம் கிளாஸ்ல நின்னேன்," என்றார். "தெரியாம தெரிஞ்ச மாதிரி தலையாட்டுற முகத்தை கடைசி பெஞ்சுல இருந்தாலும் கண்டுபிடிச்சிருவேன். உங்ககிட்ட எப்படி ஏமாந்தேன்னுதான் தெரியல."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

பாண்டுரங்குக்கு உடனே மராத்தி வந்துவிட்டது. வண்டிக்கு ஓடிப்போய் உளியும் சுத்தியலும் கொண்டுவந்தான். "நாம அடைச்சோம், நாமே உடைச்சிடலாம், அரை மணி நேரம்," என்று உட்கார்ந்தான். அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். உங்களுக்கும் இதைத்தான் சொல்வேன்: தப்பு தெரிந்த நிமிஷத்தில் கை துறுதுறுக்கும். அப்போது கையில் சுத்தியல் இருக்கக்கூடாது. முதல் தப்பை அவசரமில்லாமல் செய்திருப்போம். இரண்டாவதை அவசரத்தில் செய்வோம். அதுதான் பெரிதாக இருக்கும்.

அமோல் சொன்னதும் அதுதான். அந்த இரும்பு உடம்பு வானம் திரும்புகிற மாதிரியே தானும் திரும்ப வேண்டும். அதற்காக அதை வடக்குப் பார்த்து மயிரிழை சரியாகக் கருவி வைத்து நிறுத்த அவனுக்கு வியாழக்கிழமை ஒரு முழு சாயங்காலம் ஆகியிருந்தது. சுத்தியல் அடித்து அது கொஞ்சம் நகர்ந்தால் மறுபடி நிறுத்த இன்னொரு சாயங்காலம் வேண்டும். நாளைய சாயங்காலத்தைத் தவிர வேறு சாயங்காலம் இல்லை. உடைத்தால் டெலஸ்கோப் நகரும். உடைக்காவிட்டால் காற்றில் ஆடும். அந்த மேட்டில் மே மாசக் கடைசியில் சாயங்காலக் காற்று இல்லாத நாள் கிடையாது.

"ராசாத்தி," என்றார் டீச்சர். "நீங்களே சொல்லுங்க. உடைக்கவா, விட்டுரவா?"

என்னிடம் கேட்டார் பாருங்கள். அவ்வளவு செய்த பிறகும் என்னிடம்தான் கேட்டார். எனக்குத் தெரியும் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

"தெரியல டீச்சர். ஒரே ஒரு ஓட்டை போட்டுப் பாத்துட்டுச் சொல்றேன்."

குழாயை நாலு பேரும் சேர்ந்து கழற்றினோம். டீச்சரின் கட்டில் மெத்தையில் படுக்க வைத்துப் போர்வை போர்த்தினோம். இரும்பு உடம்பைத் தொடவில்லை. அதன் மேல் பிளாஸ்டிக் கட்டி, தூணின் தலையில் விளிம்போரமாக டம்ளர் தண்ணீரை வைத்து, நான் அதன் பக்கத்தில் முகத்தை வைத்துக்கொண்டேன். பாண்டுரங்கிடம் டிரில்லில் சுத்தியல் அடிக்கிற விசையை அணைக்கச் சொன்னேன். வெறுமனே சுற்ற மட்டும் வேண்டும். பூச்சை நன்றாக நனைத்தோம். சின்ன பிட். அழுத்தாமல்.

அவன் அழுத்தினால் தண்ணீரில் வளையம் வந்தது. "கையை எடு," என்றேன். டிரில்லின் கனத்திலேயே இறங்கவிட்டால் வளையம் வரவில்லை. ஒரு ஓட்டைக்குப் பத்து நிமிஷம் ஆனது. அதற்குப் பிறகு இரும்பு உடம்பு வடக்கிலிருந்து விலகியதா என்று அமோல் தன் கருவியை வைத்துப் பார்த்தான். நகரவில்லை.

"உடைக்க வேணாம் டீச்சர்," என்றேன். "துளைச்சு எடுத்துடறோம். விடியறப்ப வர்றோம்."

சனிக்கிழமை வெளுக்கும்போதே ஆரம்பித்தோம். அது போன்ற ஒரு நாள் எனக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. தூணைச் சுற்றி ஒரு விரல் விட்டு ஒரு ஓட்டை. ஒரு ஓட்டைக்கும் அடுத்த ஓட்டைக்கும் நடுவில் இருக்கிற சுவரை, கைப்பிடி இல்லாத ரம்ப பிளேடில் துணி சுற்றிக்கொண்டு அறுத்தோம். பாண்டுரங் துளைப்பான், நான் அறுப்பேன், அமோல் டம்ளரைப் பார்ப்பான். கம்பெனி மெக்கானிக், சுத்தமான சட்டைக்காரன், பத்து மணிக்குள் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு, பாண்டுரங்கை அண்ணன் என்று மராத்தியில் 'பாவ்' போட்டுக்கொண்டே எங்களை அதட்டிக்கொண்டிருந்தான்.

"வளையம். நிறுத்துங்க பாண்டு பாவ்."

"நான் தும்மினேன்பா. அதுக்கும் வளையமா?"

"தும்மாதீங்க."

"சரி சாயேப். அடுத்த தும்மலுக்கு உங்ககிட்ட லெட்டர் போட்டு பர்மிஷன் வாங்கறேன்."

பன்னிரண்டு மணிக்கு மூன்றில் ஒரு பங்குகூட முடியவில்லை. டீச்சர் வந்தார், முட்டி போட்டு உட்கார்ந்தார், ஒரு பிளேடை எடுத்தார்.

"டீச்சர், நீங்க போயி உக்காருங்க. கை கிழிஞ்சுரும்."

"உங்க கையி கிழியலையா? எனக்கும் துணி சுத்திக் குடுங்க. எப்படி அறுக்கணும்னு சொல்லிக்குடுங்க, எனக்குத் தெரியாது."

அவர் வேண்டுமென்றுதான் அப்படிச் சொன்னார். எனக்கு உறைத்தது. ஆனால் முகத்தில் சிரிப்பு இருந்தது, அதனால் நானும் சிரித்தேன். பிறகு வேலை ஓடியது. நாலு பேரும் தூணைச் சுற்றி உட்கார்ந்து அறுத்தோம். சாக்குத் துணியைக் கொக்கி போட்டுத் துண்டு துண்டாக வெளியே இழுத்தோம். நாலு மணிக்கு மேற்குப் பக்கத்தில் ஒரு சாண் மட்டும் பாக்கி. அதில் பாண்டுரங் என்றைக்கும் இல்லாத பலத்தோடு கலவையைக் குத்தியிருந்தான்.

"நல்லா வேலை செய்ய உன்ன யாருடா சொன்னது?"

"நீதான் அக்கா."

ஐந்து மணிக்கு அந்தக் கடைசித் துண்டு இரண்டாகப் பிளந்து என் கையோடு வந்தது. தரைக்கும் தூணுக்கும் நடுவில் ஒரு குச்சியை விட்டு, ஒரு சுற்றுச் சுற்றினேன். எங்கும் தட்டவில்லை. குழாயை மெத்தையிலிருந்து தூக்கி ஏற்றினோம். நிமிர்ந்து பார்த்தால் மேற்கே மலைக்கு மேல் மேகம், கரியைக் குழைத்துப் பூசியதுபோல்.

இதுதான் பெரிய சோதனை. ஆட்டம் போய்விட்டதா என்று நட்சத்திரத்தில்தான் பார்க்க முடியும், டம்ளரில் பார்க்க முடியாது. வியாழக்கிழமையே டம்ளர் என்னை ஏமாற்றிவிட்டதே. நட்சத்திரம் வேண்டும் என்றால் மேகம் விலக வேண்டும். ஆறரை, ஏழு, ஏழரை. அமோல் பிளவுக்கு வெளியே தலையை நீட்டி நீட்டிப் பார்த்தான். டீச்சரின் போனுக்குச் செய்திகள் வந்துகொண்டிருந்தன. நாசிக்கில் வானம் தெளிவு. கோவாவில் மழை, அங்கிருந்தவர் கருவியை மூடிவிட்டார்.

"நாம எழுதிருவோமா, மேகம்னு?" என்று டீச்சர் கேட்டார். கேட்டது எங்களிடம் இல்லை.

எட்டுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது காற்று திரும்பியது. மேகத்தில் ஒரு கிழிசல் விழுந்து, பெரிதாகிக்கொண்டே வந்தது. அமோலின் விரல்கள் லேப்டாப்பில் ஓடின. குழாய் திரும்பியது. திரையில் ஒன்று, இரண்டு, பிறகு ஏகப்பட்ட புள்ளிகள். அதில் ஒரு மங்கலான புள்ளியைச் சுற்றிப் பச்சையில் வட்டம் போட்டான்.

"கிடைச்சிடுச்சு. இனிமே யாரும் அசையக் கூடாது. தரை சரியாச்சான்னு சோதிக்க நேரம் இல்ல. மேடம், அந்த நாற்காலியில உட்காருங்க. பாண்டு பாவ், நீங்க வெளியில. மாவ்ஷி, நீங்க சுவத்தோட ஒட்டி நில்லுங்க."

நின்றேன். காற்று வந்து சுவரில் மோதியது. என் முதுகில் சுவர் அதிர்ந்தது எனக்குத் தெரிந்தது. திரையில் புள்ளி இருந்ததா, இழுபட்டதா என்று பார்க்க எனக்குத் துணிச்சல் இல்லை. டீச்சரின் முகத்தைப் பார்த்துக்கொண்டேன். மடியில் இரண்டு கையையும் கோத்துக்கொண்டு, பரீட்சை எழுதப் போகிற பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார். அமோல் நொடிகளை எண்ணினான். ஐந்து. நாலு. மூன்று.

டீச்சரின் வாய் திறந்தது. நான் திரும்பினேன். பச்சை வட்டத்துக்குள் ஒன்றும் இல்லை. பக்கத்தில் இருந்த மற்ற நட்சத்திரங்கள் அப்படியே இருந்தன. அந்த ஒன்று மட்டும் யாரோ ஊதி அணைத்த மாதிரி இல்லை.

"போயிட்டு," என்றார் டீச்சர். "போயிட்டு, போயிட்டு." நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். எழுபத்தொரு வயசுக் கணக்கு டீச்சர் இரண்டு காலும் தரையை விட்டு எழும்பக் குதித்தார்.

"மேடம், குதிக்காதீங்க," என்று அமோல் கத்தினான். அவர் காதில் விழவில்லை. என் கையைப் பிடித்து இழுத்தார், நானும் குதித்தேன். எத்தனை டன் மெஷின் இறக்கினாலும் குதிக்காதவள். தரை தொம் தொம் என்றது. கதவு கடகடத்தது. அமோல் இரண்டாவது முறை கத்த வாயைத் திறந்து, திரையைப் பார்த்து, அப்படியே மூடிக்கொண்டான்.

நாலு நொடி முடிந்திருந்தது. பச்சை வட்டத்தின் நடுவில் அந்த நட்சத்திரம் திரும்பி வந்து, ஊசிமுனையாக, ஆடாமல் நின்றுகொண்டிருந்தது. நாங்கள் குதித்துக்கொண்டே இருந்தோம்.